அந்த ஐந்து நிமிடத்தை யார் கொடுப்பது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், மருத்துவப் பணியில் இருக்கும் குழு உறுப்பினர்களுக்காக நடந்த சிறப்பு அமர்வில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, தவணை பாக்கி என்று கணக்கு பேசுவோம். இன்றைக்கு வேறொரு கணக்கு பேசப் போகிறோம். நம் உடம்பைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்களின் உடம்பையும் மனசையும் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அந்தக் கணக்கு.

“நர்சம்மாவுக்கும் டாக்டருக்கும் சம்பளம் வருதுங்க, அவங்களைப் பத்தி நாம எதுக்குங்க கவலைப்படணும்?” என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்த மண்டபத்தைத் திரும்பிப் பாருங்கள். கையில் பி.பி. மெஷின், சுகர் பார்க்கிற மெஷின், மாத்திரைப் பையோடு நேராக வேலையிலிருந்து வந்திருப்பவர்கள் எத்தனை பேர்! மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது, வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களை மகளிர் குழுக்களில் இருந்துதான் எடுத்தார்கள். 2022 முடிவதற்குள் ஒரு கோடிப் பேரை அந்தத் திட்டம் தொட்டது. 2024ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. அந்த வீட்டுப் படிகளில் ஏறி இறங்கிய கால்கள் நம் குழுப் பெண்களின் கால்கள். ஆகவே இது யாரோ ஒருவருடைய பிரச்சினை இல்லை, நம் வீட்டுப் பிரச்சினை.

அசதி வேறு, பணிச்சோர்வு வேறு

ஒண்ணரை ஷிப்டு பார்த்துவிட்டு வந்தால் அசதியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, நன்றாகத் தூங்கி எழுந்தால் அது போய்விடும். பணிச்சோர்வு அப்படிப் போகாது. ஞாயிறு முழுக்கத் தூங்கினாலும் திங்கட்கிழமை காலையில் எழும்போதே “அய்யோ, இன்னைக்குமா?” என்று நெஞ்சு கனக்கும்.

இதை முதலில் எழுத்தில் வைத்தவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனநல நிபுணர். அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் ஏழைகளுக்கான ஓர் இலவச மருத்துவமனையில் அவர் வேலை செய்தார். பகலெல்லாம் தன் தொழிலைப் பார்த்துவிட்டு, ராத்திரியில் அங்கே போய் உட்காருவார். அங்கே சேவை செய்ய ஆசையாக வந்த தன்னார்வலர்கள் கொஞ்ச நாளில் எரிச்சல்பட்டு, ஒதுங்கி, எரிந்து தீர்ந்த விறகு மாதிரி ஆகிப் போனதைப் பார்த்தார். தனக்கும் அதே கதி வந்ததையும் பார்த்தார். 1974ல் அதைக் கட்டுரையாக எழுதினார். கவனியுங்கள் சகோதரிகளே, வேலையை வெறுத்தவர்களுக்கு வந்த நோயாக அவர் இதை எழுதவில்லை. மனசார வேலை செய்தவர்களுக்குத்தான் வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019ல் இதற்கு மூன்று அடையாளம் சொன்னது. ஒன்று, உடம்பிலும் மனசிலும் தெம்பு வற்றிப் போவது. இரண்டு, வேலையின் மேல் ஒட்டுதல் விட்டுப் போய், எதைக் கேட்டாலும் சலிப்பாகப் பேசுவது. மூன்று, “நான் செய்யறதுல ஒண்ணும் பிரயோசனம் இல்லை” என்ற எண்ணம் வருவது. இது ஒரு வியாதி என்று அந்த நிறுவனம் சொல்லவில்லை. வேலை செய்யும் இடத்தில் நெருக்கடி தீராமல் தொடர்ந்து வருவதால் ஏற்படும் நிலை என்றே சொன்னது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

நம்ம பகுதியில் இது எப்படி வருகிறது?

டாக்டரில் இருந்து ஆரம்பிப்போம். 1992ல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, மேல்படிப்பு படித்துக்கொண்டே அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் இளம் டாக்டர்களின் வேலை நேரம் வாரத்துக்கு 48 மணிக்கு மேல் போகக் கூடாது. நம் பனியன் கம்பெனிகளுக்கு 1948ம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் சொன்ன அளவும் அதே 48 மணிதான். நடைமுறை என்ன? தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024ல் கொடுத்த அறிக்கையில், வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதீர்கள், வாரம் ஒரு நாள் விடுமுறை கொடுங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டிய நிலைமை. 74 மணிக்குக் குறையுங்கள் என்று கெஞ்சுகிறார்கள் என்றால், இப்போது எவ்வளவு நேரம் வேலை வாங்குகிறார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து நம் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, பிரசவத்துக்குப் பின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, மகப்பேறு உதவித்தொகைக்கான விவரம் என்று எல்லாமே அவர் தலையில். கையால் நோட்டில் எழுதுவதோடு கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். பக்கத்து ஊரில் இடம் காலியாக இருந்தால் அந்த ஊர் பொறுப்பும் சேர்ந்துகொள்ளும்.

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் இன்னொரு கஷ்டம் உண்டு. லைன் வீடுகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டில் இருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. இந்த மாதம் இருக்கிற கர்ப்பிணி அடுத்த மாதம் வேறு காம்பவுண்டுக்குப் போயிருப்பார். போன் நம்பரும் மாறியிருக்கும். பாஷை புரியாது. தடுப்பூசி தேதி தாண்டினால் மேலிடத்தில் கேள்வி மட்டும் நல்ல தமிழில் வரும்!

தன்னார்வலர் சகோதரிகளின் நிலைமை உங்களுக்கே தெரியும். பகலில் போனால் வீடு பூட்டியிருக்கும், எல்லாரும் கம்பெனிக்குப் போயிருப்பார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் போனால், “இப்பத்தானுங்க வந்து உக்காந்தோம், நாளைக்கு வாங்க கண்ணு” என்பார்கள். விடிகாலையில் போனால் தண்ணி பிடிக்கிற நேரம். இதற்கு நடுவில் நம் வீட்டு அடுப்பு, பிள்ளைகளின் டிபன், மாமியாரின் மாத்திரை. சம்பளம் என்று சொல்ல முடியாத ஒரு ஊக்கத்தொகை. “டார்கெட் எவ்வளவு முடிஞ்சுது?” என்று ஒரு போன்.

வேலை மட்டும் இல்லை, மரியாதையும் ஒரு காரணம். 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்துபோன ஒரு டாக்டரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஆம்புலன்ஸ் மேல் கல்லெறிந்தார்கள். கை தட்டி நன்றி சொன்னதற்கு அடுத்த மாதமே, விளக்கேற்றிய அதே மாதத்தில்தான் அதுவும் நடந்தது. அதன் பிறகு மூன்றே நாளில், மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் ஏழு வருடம் வரை சிறை என்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அடிப்பவர்களைச் சட்டம் தடுக்கும். மனசு விட்டுப் போவதைச் சட்டம் தடுக்காது.

அவர் சோர்ந்தால் நமக்கு என்ன நஷ்டம்?

செக்கிங் டேபிளில் நிற்கிற அக்காக்களைக் கேட்கிறோம். காலையில் முதல் மணி நேரத்தில் ஒரு ஊசித் துளி ஓட்டை இருந்தாலும் கண்ணில் படும். ஷிப்மெண்ட் அவசரத்தில் ராத்திரி பதினோரு மணிக்கு? கை துணியைப் புரட்டும், கண் துணியின் மேல்தான் இருக்கும், ஆனால் டேமேஜ் பீஸ் பேக்கிங்குக்குப் போய்விடும். கண் கெட்டுப் போகவில்லை, கவனம் தீர்ந்து போயிருக்கிறது.

பனியன் என்றால் திரும்பி வரும், அபராதத்தோடு முடியும். ஒரு கர்ப்பிணியின் ரத்த அழுத்தம் என்றால்? சர்க்கரை மாத்திரையின் அளவு என்றால்? சோர்ந்த நர்ஸ் சிடுசிடு என்று பேசினால் அடுத்த மாதம் அந்தப் பெண் சுகாதார நிலையத்துக்கு வரமாட்டாள். “அங்க போனா திட்டறாங்க” என்று சொல்லிவிட்டு, கடையில் மாத்திரை வாங்கிப் போடுவாள். ஒரு சிடுசிடுப்பான வார்த்தையில் ஆரம்பித்து ஓர் உயிர் வரைக்கும் போகும்.

தன்னார்வலர்களுக்குத் தெரிந்த இன்னொரு விஷயம். பி.பி. பார்ப்பதற்கு முன் அந்த மனிதர் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் படிந்து, கால் மேல் கால் போடாமல், கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் இருக்க வேண்டும். டீ, காபி, புகையிலை எடுத்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் கூடுதலாகக் காட்டும். பாடத்தில் இது இருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று ஓடும்போது முதலில் வெட்டுப்படுவது எது? அந்த ஐந்து நிமிடம்தான். மாடிப்படி ஏறி வந்தவர் கையில் அப்படியே பட்டையைச் சுற்றுகிறோம். மெஷின் காட்டுவதை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறோம்.

அந்த ஐந்து நிமிடம்தான் இன்றைய பேச்சின் மையம். அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

முழுக்கவனப் பயிற்சி என்றால் என்ன?

மருத்துவப் பணியாளர்களின் சோர்வைக் குறைக்க இப்போது பல நாடுகளில் மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பயிற்சி கொடுக்கிறார்கள். தமிழில் முழுக்கவனப் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். பேர் பெரிதாக இருந்தாலும் விஷயம் சின்னது. இந்த நிமிடத்தில் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்பு சொல்லாமல், முழுசாகக் கவனிப்பது. கை பாத்திரம் கழுவும்போது மனசும் பாத்திரத்திலேயே இருப்பது. அது தவணைக்குப் போய்விட்டால், “போயிருச்சு” என்று தெரிந்து, திட்டாமல் திருப்பிக் கூட்டி வருவது. அவ்வளவுதான்.

இதன் வேர் புத்தர் காலத்துப் பயிற்சிகளில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குள் இதைக் கொண்டுவந்தவர் ஜான் கபட்-ஜின். 1979ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீராத வலியோடு இருந்த நோயாளிகளுக்காகப் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தார். முதல் வகுப்பில் ஓர் உலர்ந்த திராட்சையைக் கையில் கொடுத்து, பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, மெதுவாக மென்று தின்னச் சொல்வார்களாம். நாம் ஒரு கைப்பிடியை வாயில் போட்டுக்கொண்டே பஸ் ஏறுகிற ஆட்கள்! அந்தப் பயிற்சியில் மதம், மந்திரம் எதுவும் சேர்க்கவில்லை. கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர், எங்கேயும் போகாதவர், எல்லாரும் செய்யலாம்.

நமக்கும் மனதைப் பழக்குவது புதிது இல்லை. பக்கத்தில் ஆழியாறில் வேதாத்திரி மகரிஷி 1984ல் அறிவுத் திருக்கோயிலை அமைத்தார். அவர் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். மனவளக்கலை கற்றவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். அந்த முறை வேறு, இந்த முறை வேறு. ஆனால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தால் மனசு தெளியும் என்பது தறிக்குழியில் உட்கார்ந்தவர்களுக்கும் தெரிந்த விஷயம்தான்.

சரி, இதனால் டாக்டர்களுக்குப் பலன் கிடைத்ததா? அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்ற ஊரில் 70 டாக்டர்களுக்கு இந்தப் பயிற்சி கொடுத்து, 2009ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். எட்டு வாரம் வாரா வாரம் வகுப்பு. பிறகு பத்து மாதம், மாதம் ஒரு வகுப்பு. சும்மா மூச்சைக் கவனித்ததோடு விடவில்லை. தங்களைப் பாதித்த நோயாளிகளைப் பற்றி ஒருவர் சொல்ல, மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். முடிவில் சோர்வு குறைந்தது, நோயாளியின் கஷ்டத்தைப் புரிந்துகொள்ளும் மனசு கூடியது. பயிற்சி எடுக்காத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வு அது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாதம் ஒரு தடவை கூடுவது, வட்டமாக உட்காருவது, ஒருவர் பேச மற்றவர் கேட்பது! இதைக் கேட்டால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? நம் குழுக் கூட்டம்தானே? அந்த டாக்டர்கள் புதிதாக ஏற்படுத்திக்கொண்ட வசதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பாய் விரித்தால் போதும்.

செய்து பார்ப்போம்

முதலாவது, வாசல்படி மூச்சு. ஒரு வீட்டில் இருந்து அடுத்த வீட்டுக்குள் நுழையும் முன், செருப்பைக் கழற்றும் நேரத்தில் மூன்று மூச்சு. இழுத்துப் பிடிக்க வேண்டாம், எண்ண வேண்டாம். தானாக வருகிற மூச்சு மூக்கில் நுழைவதையும் வெளியேறுவதையும் கவனியுங்கள். முதல் வீட்டில் வாங்கிய பேச்சை இரண்டாம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க இது உதவும்.

இரண்டாவது, பேர் வைப்பது. ஒருவர் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார். உள்ளே சுர்ரென்று வருகிறது. அப்போது, “இப்ப எனக்குக் கோபம் வருது, நெஞ்சு படபடங்குது” என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். கோபம் வரக்கூடாது என்று அடக்க வேண்டாம். வந்திருக்கிறது என்று தெரிந்தாலே, அது வாய் வழியாக வெளியே குதிப்பதற்கு முன் ஒரு நொடி கிடைக்கும். அந்த நொடியில்தான் நாம் என்ன பேசுவது என்று முடிவு செய்ய முடியும்.

மூன்றாவது, படுக்கையில் உடம்பைச் சுற்றி வருவது. ராத்திரி படுத்த பிறகு கால் விரலில் ஆரம்பித்து, பாதம், கெண்டைக்கால், முட்டி, இடுப்பு, முதுகு, தோள், கழுத்து, முகம் என்று ஒவ்வோர் இடமாகக் கவனத்தைக் கொண்டுபோங்கள். வலித்தால், “இங்கே வலிக்குது” என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதியில் தூங்கிவிட்டால் நல்லதுதான், யாரும் மார்க் போடப் போவதில்லை.

நான்காவது, நாம் சொன்ன அந்த ஐந்து நிமிடம். பி.பி. பார்ப்பதற்கு முன் அந்தப் பெரியவரை உட்கார வைத்து, “அஞ்சு நிமிசம் சும்மா உக்காருங்க, நானும் உக்காந்துக்கறேன்” என்று சொல்லுங்கள். போனைப் பார்க்காமல், நோட்டைத் திறக்காமல், அவரோடு சேர்ந்து நீங்களும் மூச்சைக் கவனியுங்கள். அவருக்கு அளவு சரியாக வரும். உங்களுக்கு ஒரு நாளில் அப்படிப் பல ஐந்து நிமிட ஓய்வு கிடைக்கும். தனியாக நேரம் ஒதுக்க வழி இல்லாதவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

ஓர் எச்சரிக்கை. பழைய அதிர்ச்சிகளைச் சுமப்பவர்களுக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தால் பயம் கூடலாம். அவர்கள் கண்ணைத் திறந்தே உட்காரட்டும், வேண்டாம் என்றால் விட்டுவிடட்டும். பல நாளாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறது என்றால் மூச்சுப் பயிற்சியோடு நிறுத்தக் கூடாது. 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் போன் செய்து தமிழிலேயே பேசலாம். 2022ல் தொடங்கிய மனநல உதவிச் சேவை இது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரையும் பார்க்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பல்வலிக்கு டாக்டரிடம் போகிறோமே!

மூச்சு மட்டும் போதுமா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறோம். சுகாதார வேலை செய்யும் ஒரு சகோதரி எங்களிடம் கேட்டார்: “மூச்சை இழுத்து விடுங்கறீங்க, சரி. நான் மூச்சு விட்டுட்டு நிமிர்ந்தா, அதே அம்பது வீடு பாக்கி இருக்குதுங்களே?” நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் பயிற்சி மட்டும் கொடுப்பது ஏமாற்று வேலை.

2017ல், டாக்டர்களின் சோர்வைக் குறைக்கச் செய்த முயற்சிகளை ஒன்றாகத் திரட்டி ஆராய்ந்தார்கள். 19 ஆய்வுகள், மொத்தம் 1,550 டாக்டர்கள். முழுக்கவனம் போலத் தனி மனிதருக்குக் கொடுக்கும் பயிற்சியால் பலன் இருந்தது, ஆனால் கொஞ்சமாக இருந்தது. வேலை நேரத்தை மாற்றுவது, பளுவைக் குறைப்பது, வேலை நடக்கும் முறையைத் திருத்துவது போல நிர்வாகம் செய்த மாற்றங்களால் கிடைத்த பலன் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஓவர்லாக் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். அடிக்கடி நூல் அறுந்தால் எண்ணெய் விடுவோம், ஊசி மாற்றுவோம். அது அவசியம். ஆனால் மெஷினை நிறுத்தாமல் ராப்பகலாக ஓட்டிக்கொண்டே, எண்ணெயை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால்? மூச்சுப் பயிற்சி எண்ணெய் மாதிரி. ஓட்டத்தைக் குறைப்பது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதை வேலையிடத்து நெருக்கடியால் வரும் நிலை என்று சொன்னதை மனதில் வைக்கச் சொன்னோமே, அது இதற்குத்தான். “உனக்கு மனசைச் சமாளிக்கத் தெரியலை” என்று அந்தப் பெண் மேலேயே பழி போட யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது. பயிற்சி கொடுத்தாயிற்று என்று சொல்லி இன்னும் பத்து வீடு கூட்டுவதற்கும் இடம் கொடுக்கக் கூடாது.

அந்த ஐந்து நிமிடத்தைத் தன்னார்வலர் தானாக உண்டாக்க முடியாது. பட்டியல் போடுகிற அதிகாரி கொஞ்சம் கொடுக்க வேண்டும். கதவைத் திறக்கிற குடும்பம் கொஞ்சம் கொடுக்க வேண்டும். அவர் வீட்டு ஆண்கள் கொஞ்சம் கொடுக்க வேண்டும். நம் கூட்டமைப்பும் கொடுக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

இந்தக் கூட்டத்தில் பேசி முடிவெடுக்க ஐந்து யோசனைகளை வைக்கிறோம்.

1. ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்தில் மாதம் ஒரு மணி நேரம் மருத்துவப் பணி செய்யும் உறுப்பினர்களுக்கு ஒதுக்குவோம். முதல் பத்து நிமிடம் அமைதி. பிறகு அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம். அந்த நேரத்தில் ரிப்போர்ட், டார்கெட் பேச்சு வேண்டாம். அங்கே பேசியது அங்கேயே நிற்கட்டும். நோயாளியின் பேரையும் சொல்ல வேண்டாம். கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கப் போகும் செவிலியர் ஆகியோரையும் அழைப்போம். மரணத்தைத் தினமும் அருகில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அதை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும்.

2. ஒவ்வொரு குழுவிலும் வீட்டார் செய்ய வேண்டியதைப் பேசுவோம். தன்னார்வலர் வரும் நாள் தெரிந்தால், தீர்ந்த மாத்திரை அட்டையையும் சீட்டையும் எடுத்து வைப்பது. ஐந்து நிமிடம் முன்னாடியே பெரியவரை உட்கார வைப்பது. வர முடியாவிட்டால் போனில் சொல்வது. வேறு மாநிலக் குடும்பம் பக்கத்தில் இருந்தால், அவர்கள் காலி செய்து போகும்போது செவிலியருக்கு ஒரு தகவல் கொடுப்பது. இதற்கெல்லாம் காசு செலவில்லை.

3. கிராம சபையில் பேசுவோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளோடு, மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளிலும் கிராம சபை கூட வேண்டும். நம் ஊரில் செவிலியர் இடம் காலியாக இருக்கிறதா, ஒரு தன்னார்வலர் எத்தனை வீடு பார்க்கிறார், ஊக்கத்தொகை தேதிக்கு வருகிறதா என்று கேட்டுத் தீர்மானம் போடுவோம். செவிலியர் தனக்காகக் கேட்டால் அது குறையாகத் தெரியும். ஊர்ப் பெண்கள் சேர்ந்து கேட்டால் அது கோரிக்கை.

4. ஆஸ்பத்திரியில் நம் ஆட்கள் சத்தம் போட்டால் நாமே தடுப்போம். தவறு நடந்தால் எழுத்தில் புகார் கொடுக்க நமக்கு உரிமை இருக்கிறது, கொடுப்போம். ஆனால் இரவெல்லாம் விழித்திருந்து வேலை பார்க்கும் சின்ன வயது டாக்டரைச் சட்டையைப் பிடித்துக் கேட்பது எந்த நியாயத்திலும் சேராது.

5. வீட்டு வேலையைப் பங்கு போடச் சொல்வோம். வெளியே இருபது பேருக்குப் பி.பி. பார்த்துவிட்டு வருகிற பெண்ணுக்கு, வீட்டில் ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுக்க ஒரு கை வேண்டாமா? பையன்களுக்கும் சொல்லிக் கொடுங்கள், அவர்களுக்கும் கை இருக்கிறது!

சகோதரிகளே, நம் குழுக்கள் ஆரம்பித்த காலத்தில் ஐந்தும் பத்துமாகச் சேர்த்தோம். “இதை வெச்சு என்னத்தைப் பண்ணப் போறீங்க?” என்று கேட்டார்கள். அந்தச் சிறு காசு கந்துவட்டிக்காரனை வாசலில் இருந்து விரட்டியது. நேரமும் அப்படித்தான். ஒவ்வொரு வீடும் ஐந்து நிமிடம் சேர்த்துக் கொடுத்தால், நம் ஊருக்கு வருகிற செவிலியர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வார். நம் தன்னார்வலர் அந்த வேலையை விட்டுவிட்டுப் பழையபடி கம்பெனி பஸ் ஏறாமல் இருப்பார். நம் அம்மாவின் பி.பி. அளவும் சரியாக எழுதப்படும்.

இப்போது எல்லாரும் நிமிர்ந்து உட்காருங்கள். போனைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக இருப்போம். அது முடிந்ததும் தலைவி அக்கா முதல் யோசனையைத் தீர்மானமாகப் படிப்பார்கள். கை தூக்குவதற்கு முன் நன்றாக யோசித்துத் தூக்குங்கள். தூக்கிய பிறகு, அடுத்த மாதம் அந்த ஒரு மணி நேரத்தை மறக்காமல் ஒதுக்குங்கள்.